ஒரு நொடிக்கு ஒரு நாள்: தெச்சிங் ஷியேயின் ஓராண்டைச் சுவரில் மாட்டுவது

நிகழ்த்துகலைஞர் ஒருவரின் தனிக் கண்காட்சி என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, ‘ஆள் இருப்பாரா?’ என்பதுதான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2010-இல் மரீனா அப்ரமோவிச் இருந்தார். மார்ச் 14 முதல் மே 31 வரை, 700 மணி நேரத்துக்கும் மேல் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலிக்கு வரிசை நின்றது. அதே அருங்காட்சியகத்தில் முந்தைய ஆண்டு ஜனவரியிலிருந்து மே வரை தெச்சிங் ஷியேயின் கண்காட்சி நடந்தது. அதில் ஆள் இல்லை. ஓராண்டு அவர் தன்னைப் பூட்டிக்கொண்ட மரக்கூண்டு, நாளுக்கு ஒன்றாக எடுத்த படங்கள், கையெழுத்திட்ட தாள்கள், அவ்வளவுதான்.

ஆள் இருக்கும் கண்காட்சி சுலபம் என்று சொல்ல வரவில்லை. காவலர், கூட்டம், கலைஞரின் உடல்நிலை என்று அதற்கு வேறு தலைவலிகள் உண்டு. ஆனால் அங்கே தவறு நடந்தால் உடனே தெரிந்துவிடும். ஆள் இல்லாத கண்காட்சியில் தவறு கண்ணுக்கே படாது. சட்டங்கள் நேராகத் தொங்கும், விளக்கு அழகாக விழும், பத்திரிகைப் படங்களும் நன்றாக வரும். படைப்பு மட்டும் செத்துப்போயிருக்கும். அது எங்கெங்கே சாகிறது என்று பார்க்க ஷியே தானே விதி வகுத்து, ஓராண்டு அதன்படி வாழ்ந்து செய்த நிகழ்வுகளில் இரண்டாவதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ‘டைம் கிளாக் பீஸ்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படைப்பு 2017-இல் வெனிஸில், பலாட்ஸோ டெல்லே பிரிஜியோனியில், மே 13 முதல் நவம்பர் 26 வரை ‘டூயிங் டைம்’ என்ற தனிக் கண்காட்சியின் பாதியாக இருந்தது. தைவானின் சார்பில் நடந்த அந்தக் கண்காட்சியை ஏட்ரியன் ஹீத்ஃபீல்டு தொகுத்திருந்தார். அந்தக் கட்டடமோ டோஜே அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள பழைய சிறைச்சாலை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஷியே 1950-இல் தைவானில் பிறந்தவர். 1974-இல் மாலுமியாகக் கப்பலேறி அமெரிக்கா வந்து, ஃபிலடெல்ஃபியா அருகே இறங்கி, நியூயார்க்குக்குப் போய்விட்டார். அதன்பின் 14 ஆண்டுகள் குடியேற்ற ஆவணம் எதுவுமில்லாமல், உணவகங்களில் பாத்திரம் கழுவியும் தரை துடைத்தும் பிழைத்தார். 1988-இல் பொதுமன்னிப்பில்தான் சட்டப்படியான குடியிருப்பு கிடைத்தது. தாள் இல்லாத ஒரு மனிதர் தன் படைப்புக்காக இத்தனை தாள்களையும் சாட்சிகளையும் முத்திரைகளையும் உண்டாக்கினார் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் அந்தத் தொடர்பைப் பெரிதாகப் பேச விரும்புவதில்லை. நேரம் கழிவதுதான் தன் பொருள் என்பார்.

விதிகள் இவை. தொழிலாளர் வரும் நேரத்தைக் கார்டில் அச்சிடும் பஞ்சிங் கடிகாரம் ஒன்றைத் தன் ஸ்டுடியோவில் மாட்டி, அதில் ஓராண்டு முழுக்க, ஒவ்வொரு மணிக்கும் மணியடித்ததும் கார்டு போட வேண்டும். போட்டவுடன் அந்த அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். தொடக்கம் 1980 ஏப்ரல் 11 மாலை 7 மணி, முடிவு 1981 ஏப்ரல் 11 மாலை 6 மணி. ஒவ்வொரு முறை கார்டு போடும்போதும் ஒரு 16 மி.மீ. கேமரா ஒரே ஒரு ஃபிரேம் எடுக்கும். ஏமாற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கடிகாரத்துக்கு முத்திரை வைத்து, கார்டுகள் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட ஒரு சாட்சி. தொடங்கும் முன் தலையை மொட்டையடித்துக்கொண்டார். நாள் போகப்போக வளரும் முடி, யாரும் திருத்த முடியாத இன்னொரு கடிகாரம். உடுப்பு சாம்பல் நிறத் தொழிலாளர் சீருடை. கோவைப் பக்கம் மில் வேலைக்காரர் வீடுகளில் பஞ்சிங் கார்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தக் கார்டுக்குச் சம்பளம் மட்டும் கிடையாது.

கணக்கைப் பார்க்கலாம், ஏனென்றால் மாட்டும்போது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும். 365 நாள், நாளுக்கு 24 தடவை, மொத்தம் 8,760. கார்டுகளோ 366. ஒன்று ஏன் கூடியது என்று சுவர்க்குறிப்பு எழுதுகிறவர்களே தடுமாறுவதுண்டு. முதல் நாள் மாலையில் தொடங்கியதும் கடைசி நாள் மாலையில் முடிந்ததும்தான் காரணம். நள்ளிரவை அடுத்த நாளோடு சேர்த்து எண்ணினால், முதல் நாளுக்கு 5, கடைசி நாளுக்கு 19. இரண்டும் சேர்ந்து ஒரு முழு நாள். நடுவில் 364 முழு நாட்கள். 1980 நெட்டாண்டு என்பதால் 366 என்று குறிப்பில் எழுதிவிட்டால் தப்பு. அந்தப் பிப்ரவரி 29, நிகழ்வு தொடங்கும் முன்பே போய்விட்டது.

இனி, தவறியவை. 8,760-இல் 133 தடவை அவரால் விதிப்படி கார்டு போட முடியவில்லை. தூங்கிப்போனது 94, தாமதமானது 29, மணிக்கு முன்பே போட்டது 10. இந்த எண்களைச் சொன்னவர் அவரேதான். நூற்றுக்கு ஒன்றரை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்க ஓராண்டாக விதி இடம் தராத ஒருவருக்கு இது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஆனாலும் இந்த 133-ஐத்தான் கண்காட்சியின் நடு எலும்பாக நான் நினைக்கிறேன். 8,760-உம் சரியாக விழுந்திருந்தால், யாரோ ஒரு மத்தியானம் உட்கார்ந்து முள்ளைத் திருப்பித் திருப்பிக் கார்டு போட்டுவிட்டார் என்று சொல்ல இடமுண்டு. தூங்கிப்போன 94 மணிகளைப் போலியாகச் செய்து காட்ட எவருக்கும் காரணம் இல்லை. தோல்வியின் பட்டியல்தான் மற்ற 8,627-க்கும் ஜாமீன் நிற்கிறது.

இதைக் கண்காட்சி கெடுக்கும் விதம் எளிமையானது: சீராக்கிவிடுவது. கார்டுகளைத் தூரத்திலிருந்து பார்க்கும் வடிவமாக, ஒரு பெரிய சாம்பல் கட்டமாக மாட்டிவிட்டு, முன்னால் மூன்று அடி தள்ளிக் கயிறு கட்டிவிடுவார்கள். பிரமிப்பு வரும். ஆனால் எந்த மணிக்கு எதிரே மை இல்லை என்று யாரும் படிக்க முடியாது. பஞ்சிங் கார்டின் எழுத்து சில மில்லிமீட்டர் உயரம்தான். 40, 50 செ.மீ. தூரத்துக்குள் முகம் போனால்தான் நிமிடம் தெரியும். ஆகவே கயிறு கூடாது, மேல் வரிசை கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கவும் கூடாது. இவ்விரண்டையும் ஒத்துக்கொண்டாலே பாதி வடிவமைப்பு முடிந்தது.

366 என்பது மாட்டுகிறவருக்கு வம்பான எண். அதன் பகாக் காரணிகள் 2, 3, 61. எனவே மிச்சமில்லாத கட்டம் வேண்டுமென்றால் 6 வரிசையில் 61 கார்டு, 3 வரிசையில் 122, அல்லது 2 வரிசையில் 183, அவ்வளவுதான் வழி. 5 வரிசை போட்டால் கடைசியில் ஒன்று தனியே தொங்கும். வாரக்கணக்கில் 7 வரிசை போட்டால் 52 நெடுவரிசைக்குப் பின் இரண்டு மிஞ்சும். வாரக்கணக்கு இந்தப் படைப்புக்கு ஒவ்வாது என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இங்கே இல்லை. 6 × 61 எடுத்துக்கொண்டால், கார்டும் பக்கத்தில் அந்த நாளின் ஃபிலிம் துண்டும் சேர்ந்து ஒரு நாளுக்கு 20 செ.மீ. அகலம் என்று வைக்கலாம். 61 நாளுக்கு 12.2 மீட்டர் சுவர் தேவை. வரிசைக்கு 22 செ.மீ. என்றால் உயரம் 1.32 மீட்டர். நடுக்கோட்டைத் தரையிலிருந்து 1.45 மீட்டரில் வைத்தால் மேல் விளிம்பு 2.1 மீட்டரைத் தொடும், கீழ் விளிம்பு 80 செ.மீ.க்கு வரும். மேல் வரிசையைப் படிக்கக் குள்ளமானவர்கள் எக்க வேண்டியிருக்கும். எனக்குக் கேட்டால் நடுக்கோட்டை 1.40-க்கு இறக்குவேன். கீழ் வரிசைக்குக் குனியலாம். மேல் வரிசைக்கு யாரும் வளர முடியாது.

இடது புறமிருந்து ஒவ்வொன்றாக, முந்தைய சட்டத்திலிருந்து அளந்து மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொன்றிலும் 2 மி.மீ. பிசகினால் 60-ஆவது இடைவெளியில் 12 செ.மீ. ஓடியிருக்கும், கடைசி நெடுவரிசை சுவர் மூலையில் முட்டும். எல்லா அளவும் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குச் சுவர் நீளத்துக்கு எஃகு நாடா, படுக்கைக் கோட்டுக்கு லேசர். பழைய கட்டடங்களில் தரையை நம்பவே கூடாது. 12 மீட்டர் ஓட்டத்தில் தரை இரண்டு மூன்று செ.மீ. சரிந்திருப்பது சாதாரணம். தரையை வைத்து அளந்தால் வரிசை சரியும், லேசரை வைத்து அளந்தால் தரை சரிந்திருப்பது தெரியும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் பெரும்பாலும் சுவரில் துளையே போட விடமாட்டார்கள். தனியாக நிற்கும் பலகைச் சுவர் எழுப்பி, அதன் காலுக்கு எடை வைத்து நிறுத்தத்தான் வேண்டும். அதன் விலையை முதலிலேயே பட்ஜெட்டில் போடாத ஏற்பாட்டாளர்கள் கடைசியில் வரிசையைக் குறுக்குவார்கள், அப்புறம் ‘தேர்ந்தெடுத்த கார்டுகள்’ என்று குறிப்பு எழுதுவார்கள். இந்தப் படைப்பில் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 100 நல்ல கார்டுகளைக் காட்டுவது, ஓராண்டுச் சிறைத் தண்டனையை மூன்று மாதமாகக் குறைத்துக் காட்டுவதற்குச் சமம்.

வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் 1 முதல் 366 வரை எண்ணும் தேதியும் எழுதி, மாட்டி முடித்த பின் இருவர் சேர்ந்து, ஒருவர் பட்டியலை வாசிக்க மற்றவர் கார்டின் தேதியை வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பின்னால் எழுதியதைப் பார்த்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. தவறு நடப்பதே சட்டத்துக்குள் கார்டைப் போடும் கட்டத்தில்தான்.

மை இன்னொரு கவலை. கடிகார ரிப்பனின் சாயம் வெளிச்சத்தில் மங்கும் ரகமாக இருக்கலாம் என்று எண்ணியே வேலை செய்ய வேண்டும். காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது அருங்காட்சியக வழக்கம். அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்கில் எடுக்க வேண்டியது மொத்தம் விழும் வெளிச்சம். வெனிஸ் கண்காட்சியின் காலம் 198 நாள். நாளுக்கு 8 மணி நேரம் என்று கொண்டால் 1,584 மணி நேரம், 50 லக்ஸில் 79,200 லக்ஸ்-மணி. நடுத்தரமாக மங்கும் பொருள்களுக்கு ஆண்டு வரம்பாக 1,50,000 லக்ஸ்-மணி சொல்லப்படுகிறது, எளிதில் மங்குபவற்றுக்கு 15,000 மட்டுமே. முதல் ரகம் என்றால் பிழைத்தோம், இரண்டாவது என்றால் ஒரே பருவத்தில் ஐந்தாண்டு உணவைத் தின்றாயிற்று. ஒரு கார்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு சாயத்தைச் சோதித்துப் பார்க்காமல் அசலை இத்தனை மாதம் தொங்கவிடக் கூடாது. சோதிக்க முடியாவிட்டால் நகலைத் தொங்கவிடலாம், ஆனால் நகல் என்று குறிப்பில் சொல்லிவிட வேண்டும். சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கி உருவான படைப்பில் சொல்லாமல் நகல் வைப்பது அசிங்கம்.

கடலோர ஊர்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். கார்டு தடித்த தாள். ஈரம் ஏற ஏற நடுவில் உப்பும். முன்னால் உள்ள கண்ணாடியையோ அக்ரிலிக்கையோ தொட்டால் மை ஒட்டிக்கொள்ளும். எனவே இடையில் 4, 5 மி.மீ. பட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். கார்டைப் பசையால் ஒட்டக் கூடாது. மூலைகளில் பாலியஸ்டர் உறை போதும், உப்புவதற்கும் சுருங்குவதற்கும் இடம் கிடைக்கும். இருபக்க ஒட்டு நாடாவை யாராவது எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

ஃபிலிமுக்கு வருகிறேன். என் பார்வையில் அதிகம் பேர் கெடுக்கும் இடம் இதுதான். கெடுத்ததே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு மணிக்கு ஒரு ஃபிரேம். நாளுக்கு 24 ஃபிரேம். சினிமா ஃபிலிம் ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். ஆக ஒரு நொடிக்கு ஒரு நாள். ஓராண்டு ஏறக்குறைய 6 நிமிடம். இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தியதுதான் படைப்பின் மூளை. மற்றபடி அது ஒரு மனிதன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் படம். திரையில் அவர் துடிதுடிப்பார். கடிகாரத்தின் மணிமுள் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றும். நிமிடமுள் மட்டும் 12-க்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டே நிற்கும், ஏனென்றால் எல்லாப் படமும் மணியடிக்கும் நேரத்தில் எடுத்தவை. முடி தோளுக்கு இறங்கும்.

இந்தப் படத்தை டிஜிட்டலாக்கும்போது ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சி வழக்கப்படி 25 ஃபிரேமுக்கு மாற்றிவிடுவது பழக்கதோஷம். 8,760-ஐ 25-ஆல் வகுத்தால் 350 நொடி. 15 நொடி காணாமல் போகிறது. அது போகட்டும் என்று விட முடியாது: இப்போது ஒரு நொடிக்கு 25 மணி நேரம், நாள் என்ற அலகே உடைந்துவிட்டது. அமெரிக்க வழக்கப்படி 30-க்கு மாற்றினால் வேறு கோளாறு. நான்கு ஃபிரேமை ஐந்தாக நீட்டுவதற்காக இரண்டு பக்கத்து ஃபிரேம்களின் கோடுகளைக் கலந்து இடைப்படம் உண்டாக்குவார்கள். சாதாரண சினிமாவில் கண்ணுக்குத் தெரியாத ஜோடனை. இங்கே பகல் மூன்று மணி முகமும் நான்கு மணி முகமும் ஒரே படத்தில் கலந்து, எந்த மணிக்கும் சொந்தமில்லாத ஒரு முகம் பிறக்கிறது. அதைவிட மோசம் வீட்டுத் தொலைக்காட்சியைக் கண்காட்சியில் மாட்டுவது. ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்று கடையிலிருந்தே போட்டு வரும் அமைப்பு, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தானாகவே படங்களைக் கற்பனை செய்து செருகும். ஷியே கார்டு போட்டதைப் பதிவு செய்த படத்தில், அவர் போடாத நேரங்களையும் தொலைக்காட்சி போட்டுக் கொடுக்கும். அணைத்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தால் சில பெட்டிகள் பழைய அமைப்புக்குத் திரும்பும், தினமும் காலையில் பார்க்கவும்.

கோப்பு 24 ஃபிரேமில் இருக்க வேண்டும், இயக்கும் பெட்டியும் திரையும் 24-இன் மடங்கில் புதுப்பிக்க வேண்டும். 23.976 என்ற வேகத்தில் கோப்பு வந்தால் ஓராண்டுக்கு அரை நொடி கூட வித்தியாசம் வராது. அதற்காகச் சண்டை போடுகிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் சேர மாட்டேன்.

அசல் ஃபிலிம் பிரதியையே புரொஜெக்டரில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். 6 நிமிடச் சுற்று என்றால் மணிக்கு 10, நாளுக்கு 80, 198 நாளில் 15,000-க்கும் மேல். எந்தப் பிரதியும் இத்தனை ஓட்டத்தைத் தாங்காது. கீறல் விழும், துளைகள் கிழியும், ஒட்டிய இடம் பிரியும். பிரதிகளை அடிக்கடி மாற்றப் பணமும், கூடவே நிற்க ஒரு ஆபரேட்டரும் இருந்தால் செய்யலாம். புரொஜெக்டர் சத்தத்துக்காக மட்டும் செய்வதென்றால் வேண்டாம். சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது: படம் மௌனப்படம். அறையில் டிக்-டிக் ஒலியைச் சேர்க்கும் யோசனை எப்படியும் யாரிடமிருந்தாவது வரும். அடுத்த வாரம் இன்னொருவர், பார்வையாளர்களும் கார்டு போட்டுப் பார்க்க ஒரு கடிகாரம் வைத்தால் என்ன என்பார். இரண்டுக்கும் மரியாதையாக இல்லை சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை கார்டு போட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவருக்கு, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து போடுவது பற்றித் தவறான எண்ணம்தான் வரும்.

16 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம். ஓராண்டின் மொத்தமும் 219 அடிதான். இரண்டு 100 அடிச் சுருளும் இன்னும் கொஞ்சமும். ஒரு நாள் என்பது 18 செ.மீ. சுருள். இதைச் சுவர்க்குறிப்பில் ஒரு வரியாகப் போட்டால் பார்வையாளர் தானே கையால் அளந்து பார்ப்பார். படம் ஓடும் அறையைக் கார்டுச் சுவருக்குப் பிறகு வைக்கவும். முன்னால் வைத்தால் படத்தின் வேகத்தில் சிரித்துவிட்டு, கார்டுகளை வால்பேப்பராகக் கடந்துபோவார்கள். 12 மீட்டர் நடந்து முடித்தவர், தான் நடந்த தூரம் 6 நிமிடத்தில் பறப்பதைப் பார்க்கும்போதுதான் வயிற்றைப் பிசையும்.

வெனிஸ் கண்காட்சியின் மறுபாதி ‘அவுட்டோர் பீஸ்’. 1981 செப்டம்பர் 26 முதல் ஓராண்டு கட்டடம், ரயில், கார், கூடாரம், குகை எதற்குள்ளும் நுழையாமல் நியூயார்க் தெருக்களில் ஒரு தூக்கப்பையோடு வாழ்ந்தார். நாளுக்கு ஒரு மன்ஹாட்டன் வரைபடம்: நடந்த வழி, சாப்பிட்ட இடம், தூங்கிய இடம், மலம் கழித்த இடம் எல்லாம் அதில் குறிப்பு. ஒரு முறை போலீஸ் பிடித்துக் காவல் நிலையத்துக்குள் இழுத்துப்போனபோது ஏறக்குறைய 15 மணி நேரம் விதி முறிந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை; அந்தக் கைகலப்பு, அந்த ஆண்டைப் பதிவு செய்த படத்திலேயே இருக்கிறது. பின்னர் நீதிமன்றத்தில், விசாரணையின்போது வெளியிலேயே நிற்க நீதிபதி அனுமதித்தார்.

இங்கே பாதுகாப்பாளர் சந்திக்கும் சிக்கல் அழுக்கு. தெருவில் ஓராண்டு உழன்ற துணியையும் பையையும் துவைத்தால் படைப்பு போயிற்று; துவைக்காமல் காகிதங்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுவந்தால் பூச்சி வரும். பொதுவான வழி, காற்றுப் புகாத பாலித்தீனில் சுற்றி, −20 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஒன்றிரண்டு வாரம் உறைய வைத்து, வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்காமல் வைப்பது. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த துணியில் நீர் படியும், கறை ஓடும்.

‘ரோப் பீஸ்’ பற்றிச் சுருக்கமாக. 1983 ஜூலை 4 முதல் ஓராண்டு, லிண்டா மொன்டானோ என்ற கலைஞரும் அவரும் இடுப்பில் 8 அடிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொடாமல் வாழ்ந்தார்கள். பேசியவற்றைப் பதிவு செய்த ஒலிநாடாக்களை முத்திரையிட்டுவிட்டார்கள், கேட்பதற்கு அல்ல. ஆகவே அதை மாட்டுகிறவருக்கு ஹெட்போன் செலவு மிச்சம். அதற்கடுத்த ஓராண்டு நிகழ்வில் கலையே செய்யவில்லை, பார்க்கவில்லை, பேசவில்லை, படிக்கவில்லை. காட்ட ஓர் அறிக்கையும் சுவரொட்டியும்தான். பின்னர் 1986 டிசம்பர் 31 முதல் 1999 டிசம்பர் 31 வரை 13 ஆண்டுகள் கலை செய்வார், ஆனால் காட்ட மாட்டார் என்ற திட்டம். முடிந்த மறுநாள், 2000 ஜனவரி 1 அன்று, எழுத்துகளை வெட்டி ஒட்டிய ஒரு தாளைக் காட்டினார்: தன்னை உயிரோடு வைத்துக்கொண்டதாகவும் அந்தத் தேதியைக் கடந்துவிட்டதாகவும்.

இந்த ஆறையும் ஒரே இடத்தில் எப்படி வைப்பது? நேரத்தை இடமாக மாற்றிவிடுவது என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். ஓராண்டு நிகழ்வுகள் ஐந்துக்கும் சம அளவு அறை, நடுவில் கலை இல்லாமல் கழிந்த மாதங்களுக்கும் அதே விகிதத்தில் வெற்றிடம். நியூயார்க் மாநிலத்தின் டியா பீக்கனில் 2025 அக்டோபரில் தொடங்கிய கண்காட்சி இந்தத் திட்டத்தின்படி அமைந்தது. நாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஓராண்டுக்கு 6 மீட்டர் என்று வைப்போம். 1979 செப்டம்பரில் கூண்டிலிருந்து வெளியே வந்ததற்கும் பஞ்சிங் கடிகாரத்துக்கும் இடையே 195 நாள், 3.2 மீட்டர். அடுத்தது 168 நாள், 2.8 மீட்டர். தெருவுக்கும் கயிற்றுக்கும் இடையே 281 நாள், 4.6 மீட்டர். கயிற்றுக்குப் பின் 362 நாள், ஏறக்குறைய ஒரு முழு அறை. கடைசியாக 183 நாள், 3 மீட்டர். 13 ஆண்டுத் திட்டத்துக்கு மட்டும் 78 மீட்டர். நகரத்துக்குள் இருக்கும் பெரும்பாலான தனியார் கேலரிகளுக்கு இந்த நீளம் கிடையாது. அதனால்தான் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று தேவைப்பட்டது.

விகிதத்தில் கைவைக்காதவரை அளவைச் சுருக்கலாம். ஓராண்டுக்கு 1.5 மீட்டர் என்றால் 13 ஆண்டு 19.5 மீட்டருக்குள் அடங்கும், ஆனால் 366 கார்டு அந்த 1.5 மீட்டர் அறைக்குள் அடங்காது. எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் கிழிகிறது. அப்போது விகிதத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆண்டை முழுசாகக் காட்டுவதே மேல் என்பது என் கட்சி. வெனிஸில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டது அந்த வகையில் சரியான முடிவு.

இடம் கிடைத்து, வெற்றறையும் கட்டிவிட்டால், அதை வெறுமையாக வைத்திருப்பதுதான் தினசரிப் போராட்டம். தீயணைப்பான், அவசர வழிப் பலகை இரண்டும் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும், அவற்றை மறைக்க முயல வேண்டாம். வெளிச்சத்தை மற்ற அறைகளைவிடக் குறைத்தால் தியான மண்டபம் ஆகிவிடும். அதே அளவில் வைக்கவும். மடக்கு நாற்காலி, அட்டைப்பெட்டி, திறப்பு விழா மேசை எல்லாம் தேடி வந்து குடியேறும் இடம் அது, எனவே காவலருக்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். பார்வையாளர் உட்கார பெஞ்ச் கேட்பார்கள். கேட்டால் 3.2 மீட்டர், 2.8 மீட்டர் இடைவெளிகளில் போடலாம். அவை அவர் எந்த விதியும் இல்லாமல் வாழ்ந்த மாதங்கள். அங்கே உட்கார்ந்து காலாற யாருக்கும் தடையில்லை.